கெடு தாண்டிய பிறகு மேல்முறையீடு: தாமத மன்னிப்பு மனு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீர்ப்பு வந்து பல மாதம் ஆகிவிட்டது. இனி மேல்முறையீட்டுக்கு வழியே இல்லையா?

பெரும்பாலான வழக்குகளில் வழி இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. கெடுவுக்குள் வர முடியாமல் போனதற்குப் ‘போதுமான காரணம்’ இருந்தது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால், தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்கலாம். கோர்ட் வளாகத்தில் இதை ‘டிலே பெட்டிஷன்’ அல்லது ‘கண்டோன் டிலே’ என்பார்கள். மேல்முறையீட்டுக்கும் பல வகை மனுக்களுக்கும் இது பொருந்தும். புதிதாகத் தொடுக்கும் அசல் வழக்குக்குப் பொருந்தாது; சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளைப்படி தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டுப் போடும் நிறைவேற்று மனுக்களுக்கும் பொருந்தாது.

மன்னிப்பு உங்கள் உரிமை அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை. அதனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கெடு முடிந்துபோனது என்று தெரிந்த பிறகும் சும்மா கழிகிற நாட்கள்தான் உங்களுக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசும். நோட்டீஸ் வராமல் போன ஆறு மாதத்துக்குக் காரணம் சொல்லிவிடலாம். விஷயம் தெரிந்தும் ‘பொங்கல் முடியட்டும், ஆடி முடியட்டும்’ என்று தள்ளிய இரண்டு மாதத்துக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

எந்த மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு?

சிவில் வழக்கில் முதல் மேல்முறையீடு மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்குப் போனால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் போனால் 90 நாள். முன்சிப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டுக்குப் போகிறவருக்கு 30 நாள்தான். உயர் நீதிமன்றத்தில் போடும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். கிரிமினல் தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள். சீராய்வு (ரிவிஷன்) மனுவுக்கு 90 நாள். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கும் பொதுவாக 90 நாள்.

தனிச் சட்டங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்க்க 90 நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள். தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள். இவை எல்லாவற்றிலும் தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு.

நாட்களை எப்படி எண்ணுவது? தீர்ப்பு நகல் கைக்கு வரவே மூன்று வாரம் ஆனதே.

கவனமாக எண்ணுங்கள். சிலர் தாமதமே இல்லாத இடத்தில் மன்னிப்பு கேட்கிறார்கள். சிலர் நாற்பது நாள் தாமதத்தை அறுபது என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள்.

காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி தீர்ப்பு சொன்ன நாள் கணக்கில் சேராது. சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலமும் கழிந்துவிடும். உதாரணத்துக்கு, முன்சிப் கோர்ட் தீர்ப்பு ஆகஸ்ட் 5-ஆம் தேதி. 30 நாள் செப்டம்பர் 4-இல் முடிகிறது. நகல் மனு ஆகஸ்ட் 12-இல் போட்டீர்கள், ஆகஸ்ட் 30-இல் நகல் தயார். இரண்டு நாளையும் சேர்த்து 19 நாள் கழியும். ஆகவே உங்கள் கடைசி நாள் செப்டம்பர் 23. நவம்பர் 4-இல் தாக்கல் செய்தால் தாமதம் 42 நாள்.

இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. நகலுக்கு முத்திரைத் தாள் கேட்டு நீதிமன்றம் அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நீங்கள் கட்டத் தாமதித்த நாட்கள் கழியாது. அது உங்கள் கணக்கு. நகல் மனு போடும் முன்பு, தீர்ப்பாணையை (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் ‘டிக்கிரி’) தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்களும் கழியாது. கெடு முடிந்த பிறகு நகல் மனு போட்டிருந்தால் அந்தக் கழிவைக் கேட்கவே முடியாது. எனவே வழக்கு தோற்றது என்று தெரிந்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் விழுந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம், அது தாமதமாகாது. கோடை விடுமுறையை ஒட்டி வரும் கெடுக்களில் இது பெரிய உதவி. நகலின் பின்பக்க முத்திரையில் மனு போட்ட நாள், முத்திரைத் தாள் கோரிய நாள், கட்டிய நாள், தயாரான நாள் எல்லாம் இருக்கும். அதை வைத்தே எண்ணுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

எனக்குச் சம்மனே வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் அமீனா வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் வழக்கு நடந்ததே தெரியும்.

இது எக்ஸ்பார்ட்டி டிக்கிரி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. அதை ரத்து செய்யச் சொல்லி, தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-வது கட்டளை 13-வது விதியின்கீழ் மனு போடலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் டிக்கிரி தேதியிலிருந்து ஓடாது. உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்துதான் ஓடும். அப்படியானால் தாமதமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் ‘ஒருவேளை தாமதம் என்று நீதிமன்றம் கருதினால் மன்னிக்கவும்’ என்று ஒரு மனுவைச் சேர்த்தே போட்டுவைப்பது பாதுகாப்பு.

மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டில் முடிவு வந்துவிட்டால், ரத்து மனு அதன்பின் நிற்காது. எந்த வழி என்பதை ஆரம்பத்திலேயே வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மனுவோடு என்னென்ன போட வேண்டும்?

மேல்முறையீட்டு மனு, நீதிமன்றக் கட்டணம், தீர்ப்பு மற்றும் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், இவற்றோடு தாமத மன்னிப்பு மனுவும் அதற்கு ஆதரவான பிரமாணப் பத்திரமும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-வது கட்டளை 3-ஏ விதி, 1976 திருத்தத்தில் வந்தது, இப்படிச் சேர்த்துப் போடச் சொல்கிறது. சேர்க்காமல் விட்டுவிட்டால் அது திருத்தக்கூடிய குறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. ஆகவே பதற வேண்டாம், உடனே போடுங்கள்.

தாக்கல் செய்ததும் உங்கள் மேல்முறையீட்டுக்கு முறையான எண் கிடைக்காது. எஸ்.ஆர். எண் என்ற தற்காலிகப் பதிவு எண் மட்டும் தருவார்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர்கள் பதில் சொல்லி, தாமதம் மன்னிக்கப்பட்ட பிறகுதான் மேல்முறையீடு எண்ணிடப்பட்டு விசாரணைக்கு வரும். ‘அப்பீல் போட்டாச்சு’ என்று வக்கீல் குமாஸ்தா சொன்னால், எஸ்.ஆர். எண்ணா, முறையான ஏ.எஸ். எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம்கூட ஓடிவிடலாம்.

பிரமாணப் பத்திரத்தில் காரணத்தை எப்படி எழுத வேண்டும்?

உங்கள் மனு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

‘நான் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததால் என் வக்கீலைச் சந்திக்க இயலவில்லை.’ தமிழ்நாட்டில் தாமத மனு பார்க்கும் எந்த நீதிபதியும் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்திருப்பார். நாட்டு வைத்தியம் என்பதால் சீட்டு இல்லை, சீட்டு இல்லாததால் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது என்ற எண்ணத்தில் எழுதப்படுகிற வரி இது. உண்மையிலேயே காமாலை வந்து படுத்தவரையும் இது பாதிக்கிறது. அவர் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை. எழுத்தர் ஏற்கெனவே வைத்திருக்கும் மாதிரியில் உங்கள் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தால், கையெழுத்துப் போடாதீர்கள். பிரமாணப் பத்திரம் சத்தியத்தின் பேரில் சொல்வது. குறுக்கு விசாரணையில் கூண்டில் ஏறி நிற்கப்போவது நீங்கள், எழுத்தர் அல்ல.

உங்களுக்கு நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்குங்கள்: தீர்ப்பு எப்போது, உங்களுக்கு எப்போது யார் மூலம் தெரிந்தது, நகல் எப்போது கேட்டீர்கள், இடையில் என்ன நடந்தது, அது எப்போது தீர்ந்தது, வக்கீலை எப்போது பார்த்தீர்கள், எப்போது தாக்கல் செய்தீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காகிதம் தேடுங்கள். மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய குறிப்பு, இறப்புச் சான்றிதழ், வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்றால் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, வக்கீலுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, திரும்பி வந்த தபால் உறை. ‘காலில் எலும்பு முறிந்து இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை அரசு மருத்துவமனையில் இருந்தேன்’ என்ற ஒரு வாக்கியம், உடல்நலக் குறைவைப் பற்றிய இரண்டு பக்கத்தை விட வலுவானது.

சாதாரணமான காரணம் என்று கூச்சப்பட வேண்டாம். நீதிமன்றக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருந்தது, படிப்பறிவு இல்லை, தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் தோற்றோமா ஜெயித்தோமா என்றே புரியவில்லை: இவை உண்மையாக இருந்தால் எழுதுங்கள். உண்மையான சிறிய காரணம், ஜோடித்த பெரிய காரணத்தை விட நன்றாகத் தாங்கும்.

அதிகபட்சம் எத்தனை நாள் தாமதத்தை மன்னிப்பார்கள்?

5-வது பிரிவில் உச்சவரம்பு கிடையாது. 1987-இல் காஷ்மீரின் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் தாமதம் வெறும் 4 நாள். உயர் நீதிமன்றம் அதற்கே மேல்முறையீட்டைத் தள்ளியிருந்தது. உச்ச நீதிமன்றம் மன்னித்து, ‘ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம்’ என்ற விதியைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு மணிக்கும் நொடிக்குமா விளக்கம் கேட்பது என்றது. 1998-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதம். அதையும் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று அதில் சொன்னது. வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டி நிம்மதியாக இருக்க முடியாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு நில இழப்பீட்டு வழக்கில் 5,659 நாள் தாமதத்தை, அதாவது 15 வருடத்துக்கும் மேலானதை, மன்னிக்க மறுத்தது. வாரிசுகள் இத்தனை காலம் வழக்கைத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதுதான் எதிராகப் போனது. காலவரையறை என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல, வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்கான சட்டம் என்ற பார்வை கடந்த சில ஆண்டுகளில் இறுகியிருக்கிறது. எனக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. 883 நாள்காரர் ஏமாற்றப்பட்டிருந்தார். 5,659 நாள் வழக்கில் அக்கறையே இருந்ததாகத் தெரியவில்லை.

என் வக்கீல் தீர்ப்பு வந்ததையே சொல்லவில்லை. அவர் தப்புக்கு நான் பலியாவதா?

அந்த 883 நாள் வழக்கின் கதையும் இதுதான். வக்கீலை நம்பி இருந்தவரின் மனு, யாரும் கவனிக்காததால் தள்ளுபடியானது; அவருக்குத் தெரியவே இல்லை. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் வக்கீல் தரப்பிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கியிருந்தார். வக்கீல் மீது பழி போடுவது வாய்ப்பேச்சு அல்ல என்பதற்கு அதுவே சாட்சியாக நின்றது. உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்து, எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் தரச் சொன்னது.

இப்போது அந்த நுகர்வோர் வழி அடைபட்டுவிட்டது. வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் முன் இருப்பது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கும் வழி. ‘வக்கீல் சொல்லவில்லை’ என்ற ஒரே வரியை மட்டும் எழுதினால் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, ‘நீங்கள் போய் விசாரித்தீர்களா?’ என்பதுதான். போன் செய்த பதிவு, அனுப்பிய தபால், வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்ட கடிதம், புகார் நகல் இவற்றைச் சேருங்கள். இன்று இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வாய்தா தேதியும் முடிவும் தெரிந்துவிடுகிறது. ‘எனக்குத் தெரிய வழியே இல்லை’ என்பதை நீதிமன்றங்கள் முன்பு போல எளிதில் ஏற்பதில்லை. வக்கீலை மாற்றாவிட்டாலும் அந்த எண்ணை வாங்கி வீட்டில் எழுதி வையுங்கள்.

என் வழக்கு மிகவும் பலமானது. அதைச் சொன்னால் போதாதா?

போதாது. தாமத மனுவில் பார்ப்பது நீங்கள் ஏன் தாமதித்தீர்கள் என்பதைத்தான். வழக்கில் வாதிட விஷயம் இருக்கிறது என்று ஓரிரு வரியில் சொல்லிவிட்டு, மீதி இடத்தைக் காரணத்துக்குக் கொடுங்கள்.

வழக்கை நடத்திய அப்பா இறந்துவிட்டார். நாங்கள் வாரிசுகள்.

தீர்ப்புக்குப் பிறகு, மேல்முறையீடு போடும் முன் இறந்திருந்தால், வாரிசுகளே அனுமதி மனுவோடு மேல்முறையீடு செய்து தாமதத்துக்கு மன்னிப்பு கேட்கலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இறந்திருந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அது தானாக அற்றுப்போகும். அற்றுப்போனதை ரத்து செய்ய அடுத்த 60 நாள். அதுவும் போனால் சேர்க்கும் மனு, ரத்து மனு, தாமத மன்னிப்பு மனு என்று மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். கருமாதி முடிந்த கையோடு பீரோவில் இருக்கும் வழக்குக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள்.

தாமத மனு நிலுவையில் இருக்கிறது. அதற்குள் எதிரி நிறைவேற்று மனு போட்டுவிட்டார். தடை கிடைக்குமா?

இதுதான் ஆளைக் கலங்க வைக்கிற இடம். மேல்முறையீடு போட்டதாலேயே டிக்கிரி நின்றுவிடாது. அதற்கும் மேலாக, தாமதத்தோடு வந்த மேல்முறையீட்டில், அதை விசாரிக்கலாம் என்று முடிவெடுக்கும் வரை நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது என்று மேலே சொன்ன 41-வது கட்டளை 3-ஏ விதி சொல்கிறது. ஆகவே உங்கள் முழு வேகமும் தாமத மனுவை முடிப்பதில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்வதில்தான் மாதங்கள் போகும். நீதிமன்றத்தின் அனுமதி பெற்று தனி நோட்டீஸ் அனுப்பிச் சேர்த்ததற்கான அத்தாட்சியைத் தாக்கல் செய்யுங்கள். முன்கூட்டி விசாரிக்க மனு போடுங்கள். நிறைவேற்று நீதிமன்றத்திலும் ஆஜராகி, தாமத மனு நிலுவையில் இருப்பதற்கான எஸ்.ஆர். விவரத்தைக் காட்டி அவகாசம் கேளுங்கள். பண டிக்கிரி என்றால் ஒரு பகுதியைக் கட்ட முன்வருவது உங்கள் நேர்மையைக் காட்டும். அங்கே ஆஜராகாமல் இருப்பதுதான் பெரிய தவறு.

எந்தத் தாமதத்தை மன்னிக்கவே முடியாது?

சில சட்டங்கள் கூடுதல் அவகாசத்துக்கும் ஓர் எல்லை வைத்து, அதன்பின் கதவடைத்துவிடுகின்றன. நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 3 மாதம், அதன் மேல் 30 நாள், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுக்கு 3 மாதமும் கூடுதலாக 1 மாதமும். திவால் சட்டத்தில் 30 நாள், மேலும் 15 நாள். இந்த எல்லை தாண்டினால் காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்த அதிகாரியோ தீர்ப்பாயமோ மன்னிக்க அதிகாரம் இல்லை. சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. உத்தரவு இணையதளத்தில் ஏறியதையே பார்க்காமல் நான்கு மாதத்தைக் கோட்டை விடுகிறார்கள். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் வாரம் ஒருமுறை நீங்களே உள்நுழைந்து பாருங்கள்.

கிரிமினல் வழக்கில், சிறையில் இருப்பவர் என்ன செய்வது?

சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த வசதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 424-வது பிரிவிலும் தொடர்கிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தாராளமாகவே பார்க்கின்றன. செக் வழக்கில் தண்டனை பெற்றவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்லலாம். அந்தப் பணத்தைத் திரட்டுவதற்காகவே கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் தாக்கல் செய்யுங்கள், பணத்துக்கு அவகாசம் கேட்கலாம்.

ஜெயித்தது நான். எதிர்த்தரப்பு இரண்டு வருடம் கழித்து வந்து மன்னிப்பு கேட்கிறது.

எதிர்மனு போடுங்கள். அவர்கள் சொல்லும் தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். படுக்கையில் இருந்ததாகச் சொன்ன நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்திருந்தால் அந்த நகலைப் போடுங்கள். எதிர்த்தரப்பு அரசுத் துறை என்றால், கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பது காரணமாகாது என்று 2012-இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் துணை. அப்படியும் மன்னித்தால், செலவுத்தொகை கேளுங்கள். அது கெஞ்சிக் கேட்பதல்ல. உங்கள் அலைச்சலுக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே வழிகாட்டுதலாகச் சொல்லியிருக்கிறது.

கொரோனா காலத் தாமதம்?

2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுவிலிருந்து நீக்கி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இடைவெளியில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாள் கிடைத்தது. பழைய வழக்கில் நாள் கணக்கிடும்போது அதை முதலில் கழித்துவிடுங்கள். அதற்குப் பிந்தைய நாட்களுக்குத் தனியாக விளக்கம் வேண்டும்.

தாமத மனு தள்ளுபடியாகிவிட்டால்? வக்கீல் வைக்கப் பணமும் இல்லை.

தமிழ்நாட்டில், எண்ணிடப்படாத சிவில் மேல்முறையீட்டில் தாமத மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் சிவில் சீராய்வு மனு போடுவது வழக்கமான வழி. தென்மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போகலாம். அதற்கும் கெடு ஓடுகிறது, ஆகவே தள்ளுபடி உத்தரவின் நகலுக்கு அன்றே மனு போடுங்கள். மன்னித்து, குறித்த நாளுக்குள் செலவுத்தொகை கட்டச் சொல்லியிருந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். தவறினால் கிடைத்த மன்னிப்பும் போய்விடும்.

பணம் இல்லாதவருக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றத்துக்கெனத் தனிக் குழுக்கள் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், சிறையில் இருப்பவர்கள் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். நீதிமன்றக் கட்டணத்தையும் நகல் செலவையும் ஆணைக்குழுவே ஏற்கும். தொலைபேசி எண் 15100. தீர்ப்பு நகல், அடையாள அட்டை, நீங்கள் எழுதிவைத்த தேதி வரிசை, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பித்த நாளையும் குறித்துக்கொண்டு ஒப்புகை வாங்குங்கள். வழக்கறிஞர் ஒதுக்கப்படும் வரை ஆன நாட்களுக்கு அந்த ஒப்புகையே விளக்கமாகும்.